ஆல்பர்ட்டின் கை ஆடிய கல்யாணம்: ஈப்போவிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வழியாகக் கிள்ளான் வரை

நவம்பரில் கிள்ளான் பக்கம் போகாதீர்கள் என்று இதே பக்கத்தில் எழுதியவள் நான்தான். மழை பெய்தால் வெள்ளம், விட்டால் புழுக்கம், இரண்டுக்கும் நடுவில் லோரி நெரிசல். அப்படி எழுதிவிட்டு இந்த முறை நானே நவம்பரில் போக வேண்டியதாயிற்று. சுற்றிப் பார்க்கப் போகவில்லை. போன வருடம் இறந்துபோன ஒருவரின் மெமரி கார்டில் இருக்கும் பதினொரு நொடி வீடியோவைச் சரிசெய்யப் போனேன். ஆகையால் கடல்மீன் கடை, கோட்டை, பெரிய பாசார் எதுவும் இந்தப் பதிவில் இல்லை. அதைத் தேடி வந்தவர்கள் பழைய பதிவுகளுக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஊர் சுற்றுவது எனக்குப் பொழுதுபோக்கு. சோறு போடுவது கல்யாண வீடியோ எடிட்டிங். ஈப்போவில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு வேலை அனுப்பிய கேமராமேன்களில் ஆல்பர்ட் ஒருவர். கிள்ளானில் இருந்தார். எடுத்ததை எல்லாம் ஹார்ட் டிஸ்கில் போட்டு பஸ்ஸில் பார்சலாக அனுப்புவார், நான் முடித்துத் திருப்பி அனுப்புவேன். இப்படியே எட்டு வருடம் ஓடியது. நேரில் பார்த்தது மூன்று தடவையோ நான்கு தடவையோதான். அவர் முகம் சட்டென்று நினைவுக்கு வராது. ஆனால் கையை நன்றாகத் தெரியும். மாலை மாற்றும்போது எங்கே நகரும், பெண்ணின் அம்மா அழும்போது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்த அளவு அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவு தப்பு என்று இந்தப் பயணத்தில் தெரிந்தது.

அவர் மனைவி ரீட்டா இரண்டு வாரத்துக்கு முன் போன் செய்தாள். ஆல்பர்ட் மாரடைப்பில் போய் ஒரு வருடம் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை நினைவுத் திருப்பலி. ஆல்பர்ட்டின் அக்கா ஸ்டெல்லா வரமாட்டேன் என்கிறார். கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். சவ அடக்கத்துக்கு வந்தவர் அன்றைக்கும் யாரோடும் பேசாமல் போய்விட்டாராம். காரணம், ஆல்பர்ட் இறப்பதற்கு நான்கு மாதத்துக்கு முன் நடந்த ஸ்டெல்லாவின் மகள் கல்யாணம். தேவாலயத்தில் தாலி கட்டும் காட்சியை ஆல்பர்ட் எடுத்தார். காலையில் எடுத்ததை மாலைக்குள் வெட்டி, இரவு விருந்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டுவது இப்போது இங்கே எல்லாக் கல்யாணத்திலும் வழக்கமாகிவிட்டது. திரையில் தாலி கட்டும் காட்சி வந்தபோது படம் கிடுகிடுவென்று ஆடியது. மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். ஆல்பர்ட் மேல் பீர் வாசனை அடித்தது. ஸ்டெல்லா மைக்கைப் பிடுங்கி, தம்பி குடித்துவிட்டு வந்து படம் பிடித்திருக்கிறான் என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார். ஆல்பர்ட் பதில் பேசவில்லை.

"அந்த வீடியோவ ஆடாமப் பண்ணிக் குடுங்க அக்கா. அத ஸ்டெல்லா அண்ணிகிட்ட காட்டணும். வேற ஒண்ணும் கேக்கல," என்றாள் ரீட்டா.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும். பயண வீடியோ எடுக்கிறவர்களுக்கும் இது பயன்படும், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய கேமராக்கள் படத்தையும் சத்தத்தையும் மட்டும் பதிவதில்லை. உள்ளே அசைவை உணரும் சில்லு ஒன்று இருக்கிறது. கை எந்தப் பக்கம், என்ன வேகத்தில் திரும்பியது என்று நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை குறித்து அதே வீடியோ கோப்புக்குள் ஒளித்து வைத்துவிடும். என்ன லென்ஸ், எத்தனை மில்லிமீட்டர் என்பதும் அங்கேயே இருக்கும். இவற்றைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் உண்டு. கை ஆடியதால் படம் ஒரு பக்கம் நகர்ந்த அளவுக்கு அதை எதிர்ப்பக்கம் நகர்த்தினால் ஆட்டம் போய்விடும். எவ்வளவு நகர்த்துவது என்பதை லென்ஸ் அளவுதான் சொல்லும். கேமராவுக்குள் இருக்கும் ஆட்டத்தடுப்பை அணைத்துவிடுங்கள், நான் இங்கே இந்தக் கணக்கை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆல்பர்ட்டிடம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். எங்கள் வேலை முறையே அதுதான்.

அந்தக் கல்யாணத்தில் மட்டும் அது சொதப்பியது, அந்தக் கார்டு எனக்கு வரவும் இல்லை. அக்கா மகள் கல்யாணம் என்பதால் ஆல்பர்ட் தன் அப்பாவின் பழைய லென்ஸை மாட்டியிருக்கிறார். அப்பா ரயில்வேயில் இருந்தவர், பிலிம் கேமரா வைத்திருந்தவர். அந்தக் கால உலோக லென்ஸ், மின் தொடர்பே கிடையாது. தன் முகத்தில் என்ன மாட்டியிருக்கிறது என்று கேமராவுக்குத் தெரியாது. நாமே மெனுவுக்குள் போய் மில்லிமீட்டரைப் போட வேண்டும். ஆல்பர்ட் மறந்துவிட்டார். முன்பு போட்டிருந்த இருபத்துநான்கு அப்படியே நின்றுவிட்டது. அன்று மாலை அவசரத்தில் அவரே மென்பொருளில் ஓட்டியபோது, அது இருபத்துநான்கை நம்பிப் பாதி ஆட்டத்தைத்தான் எடுத்திருக்கிறது. மீதி திரையில் ஆடியது. பழைய லென்ஸோடு மல்லுக்கட்டும் எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யும் மடத்தனம் இது. நானும் செய்திருக்கிறேன்.

ரீட்டா முதலில் அந்த வீடியோவைப் போனில் அனுப்பினாள். போனில் அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும், உள்ளே இருக்கும் அசைவுக் கணக்கெல்லாம் காணாமல் போய்விடும். எனக்கு மூலக் கார்டு வேண்டும், அது கிள்ளானில். லென்ஸ் வேண்டும், அது பிரிக்பீல்ட்ஸில் ஸ்டெல்லாவிடம். கிளம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஈப்போவிலிருந்து ரயில். கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் வரை சுமார் இருநூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், நாற்பத்தாறு மலேசிய வெள்ளி. வார இறுதி என்றால் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது. பெட்டிக்குள் குளிர் தாங்காது, சால்வை இல்லாமல் ஏறாதீர்கள். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றும் இல்லை.

சென்ட்ரலிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் நடக்கிற தூரம்தான். கூரை போட்ட வழி பாதி வரை வரும், அப்புறம் குடைதான். வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் மீன் குழம்போடு பதினாறு வெள்ளிக்குச் சாப்பிட்டேன். ரசம் ஆறிப்போயிருந்தது. ஸ்டெல்லா வீடு பழைய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. ஜன்னலை ஒட்டி மோனோரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். அறுபது வயதைத் தாண்டியவர். நெட்டையான உடம்பு, நிமிர்ந்த முதுகு.

"எடிட்டரா? ரீட்டா அனுப்பினாளா?"

"ஆமா அக்கா. லென்ஸ் ஒரு நாளைக்கு வேணும். நாளைக்கு சாயங்காலம் கொண்டாந்து குடுத்துர்றேன்."

"அது எங்கப்பா லென்ஸ். அவன் செத்தப்பறம்தான் என் கைக்கு வந்துச்சு." அலமாரியைத் திறந்துகொண்டே கேட்டார். "என்ன பண்ணப் போறீங்க? அவன் குடிச்சத அழிக்கப் போறீங்களா?"

"ஆட்டத்த எடுக்கப் போறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் லா," என்றார். ஒரு பழைய துண்டில் சுற்றியிருந்த லென்ஸை என் கையில் வைத்தார். "எம்மவ கல்யாண வீடியோவ இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவகூட நான் போட்டுப் பாக்கல. மாப்ள வீட்டுக்காரங்க சிரிச்ச சத்தம்தான் காதுல கேக்குது. எங்கப்பா செத்தப்பறம் அவன வளத்தது நான். என் மானத்த வாங்கிட்டுப் போய்ச் சேந்துட்டான்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. செத்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மோனோரயில் வந்துவிட்டது. அது போவதற்குள் எனக்கும் புத்தி வந்துவிட்டது. தேநீர் கொடுத்தார், குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்கு கொமுட்டர் ரயில். ஐந்து வெள்ளிக்குள் முடிந்துவிடும், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் என்று கணக்கு. அன்றைக்கு ஷா ஆலம் தாண்டி ரயில் காரணம் சொல்லாமல் அரை மணி நேரம் நின்றது. நிற்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். பெட்டிக்குள் பாதிப் பேர் போர்ட் கிள்ளானில் இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள், நின்றுகொண்டே தூங்கினார்கள். கிள்ளானில் இறங்கி ரீட்டாவின் தாமான் குடியிருப்புக்கு வாடகைக் கார் எடுத்தேன். ஏழு கிலோமீட்டர், பதினான்கு வெள்ளி, முக்கால் மணி நேரம்.

"போர்ட் ரோட்ல தண்ணி ஏறிருச்சு அக்கா. லோரியெல்லாம் இந்தப் பக்கம் திருப்பி விட்டுட்டானுங்க," என்றார் ஓட்டுநர். என் வயதுதான் இருக்கும். "யாரு வீட்டுக்கு?"

சொன்னேன்.

"அட, கேமரா ஆல்பர்ட்டா? என் தங்கச்சி கல்யாணத்துக்கு அவர்தான் புடிச்சாரு. நல்ல மனுஷன். தண்ணிதான் கொஞ்சம் ஜாஸ்தி." கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "நா பாக்கல லா. ஊர்ல சொல்றாங்க."

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் ஒருத்தி மைக்கில் சொன்னது, ஒன்றரை வருடத்துக்குள் கிள்ளான் வாடகைக் காருக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ரீட்டா ஏன் இந்தப் பதினொரு நொடிக்காக இப்படித் தவிக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

ரீட்டா வாசலிலேயே நின்றிருந்தாள். மெலிந்து போயிருந்தாள். சோறும் கருவாட்டுச் சம்பலும் தயாராக இருந்தன. "மொதல்ல சாப்புடுங்க அக்கா, அப்புறம் வேல," என்று சொல்லிவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கார்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.

அன்று இரவே லென்ஸை அளந்தேன். முன்வளையத்தில் ஐம்பத்தெட்டு என்று பொறித்திருந்தது. எண் மட்டும் போதுமென்றால் போனிலேயே கேட்டிருப்பேன். இந்த மாதிரிப் பழைய கண்ணாடி ஓரங்களை வளைத்துக் காட்டும். அந்த வளைவையும் கணக்கில் சேர்க்காவிட்டால் படம் கூழ் மாதிரி நெளியும். ஆகவே சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தாளை அலமாரிக் கதவில் ஒட்டி, ஆல்பர்ட்டின் கேமராவில் அந்த லென்ஸை மாட்டி, நேராகவும் சாய்வாகவும் படம் பிடித்தேன். அதை வைத்து மென்பொருள் லென்ஸின் குணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். கேமராவின் பிடியில் ஆல்பர்ட் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கமாகச் சுற்றியிருந்தார். வழுக்காமல் இருக்கத்தான் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை கோப்புகளைத் திறந்தேன். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, அதன் லென்ஸ் விவரத்தில் இருபத்துநான்கை ஐம்பத்தெட்டாக மாற்றி, வளைவுக் கணக்கைச் சேர்த்து ஓட்டினேன். தாலி கட்டும் காட்சி ஆடாமல் நின்றது. மாப்பிள்ளையின் விரல்கள், மஞ்சள் கயிறு, பெண்ணின் பின்கழுத்தில் ஒட்டியிருந்த ஒரு முடி, ஓரத்தில் கைக்குட்டையை வாயில் வைத்து அழும் ஸ்டெல்லா. எல்லாம் இருந்தன. சரியான நேரத்தில் சரியான இடத்தில் நின்று, சரியாகத்தான் பிடித்திருக்கிறார். ரீட்டா இரண்டு தடவை பார்த்தாள்.

நான் அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அசைவுக் கோட்டை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது என் பழக்கம். கை அசைந்த விதத்தை மென்பொருள் கோடாக வரைந்து காட்டும். நடந்தால் பெரிய அலை வரும். சும்மா நின்றால் மூச்சின் மெதுவான ஏற்ற இறக்கம் வரும். தேவாலயக் கோப்பில் இவை இரண்டின் மேலும் ஒரு பொடி ரம்பம் ஓடியது. நொடிக்கு ஆறு ஏழு பற்கள், ஒன்று போல், விடாமல். குடித்தவன் கை அப்படி ஆடாது. அது அகலமாகத் தள்ளாடும், ஒழுங்கே இருக்காது. அதிகாலையில் பெண் வீட்டில் எடுத்த கோப்பைத் திறந்தேன். அங்கேயும் அதே ரம்பம். இரவு விருந்தில் எடுத்ததைத் திறந்தேன். ரம்பம் இல்லை. மூச்சு மட்டும் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ராத்திரி வேற யாராவது புடிச்சாங்களா ரீட்டா?"

"இல்ல. அவர்தான்."

"ஸ்டாண்ட் போட்டா?"

"கையிலதான் அக்கா."

"அப்ப இது எப்படி? காலைல நடுங்குது, ராத்திரி நடுங்கல. ராத்திரிதானே குடிச்சிருந்தாருன்னு சொல்றாங்க?"

ரீட்டா என்னை நேராகப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும்.

"நா சொல்லக்கூடாதுன்னு பைபிள் மேல கை வச்சு சத்தியம் வாங்கிட்டாரு அக்கா. நீங்களா கண்டுபிடிச்சா அது வேற. அதுக்குத்தான் உங்களக் கூப்புட்டேன்."

அப்புறம் சொன்னாள். அவர் போவதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பே கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. டாக்டர், நரம்பு நடுக்கம், உயிருக்கு ஆபத்தில்லை என்றார். மாத்திரை தலையைச் சுற்றவைத்தது, ஏணியில் ஏறி நிற்க முடியவில்லை, நிறுத்திவிட்டார். கொஞ்சம் பீர் குடித்தால் இரண்டு மணி நேரம் கை நிற்கும் என்று தற்செயலாகத் தெரிந்துகொண்டார். வேலைக்கு முன் கார் பார்க்கில் ஒரு கேன். அதற்கு மேல் தொடமாட்டார். நடுக்கம் மிச்சமிருந்தாலும் ஈப்போவில் விமலா அக்கா துடைத்துவிடுவாள் என்று என்னைச் சொல்லிச் சிரிப்பாராம்.

"அன்னிக்கு சர்ச்சுக்குள்ள குடிச்சிட்டுப் போகமாட்டேன்னுட்டாரு. அக்கா மக தாலி, பலிபீடத்துக்கிட்ட வாசனையோட நிக்கமாட்டேன்னுட்டாரு. குடிக்காததாலதான் கை ஆடுச்சு. ராத்திரி டின்னருக்கு முன்னாடிதான் குடிச்சாரு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "இத அந்த மேடையிலயே சொல்லியிருக்கலாமே! வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"நானும் இதத்தான் கேட்டேன்," என்றாள். "குடிகாரன்னு சொன்னா என்ன, அடுத்த வாரம் குடிக்காம வந்து நின்னா வேல குடுப்பாங்க. கை நடுங்குதுன்னு தெரிஞ்சா எவன் தன் கல்யாணத்துக்குக் கூப்புடுவான்னாரு. அதுக்கப்பறமும் நாலு மாசம் வேலைக்குப் போனாரு."

அந்த நான்கு மாதக் கோப்புகளும் எனக்கு வந்தவைதான். ஒவ்வொன்றையும் ஒரு பொத்தானை அழுத்தித் துடைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது.

மாலையில் இருவருமாகக் கொமுட்டர் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனோம். ஞாயிறு காலை ஈப்போவில் எனக்கு வேலை இருந்ததால் இரவு ஏழரை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். ரயிலில் ரீட்டா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள்.

ஸ்டெல்லா ரீட்டாவைப் பார்த்து "வா" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். மடிக்கணினியை மேசையில் வைத்து, சரிசெய்த தாலிக் காட்சியைப் போட்டேன். பார்த்தார். தான் அழுவதைப் பார்த்தபோது கழுத்தைக் கொஞ்சம் நீட்டினார்.

"இத அன்னிக்கே போட்டிருந்தா நா ஏன் பேசப்போறேன்?"

அசைவுக் கோட்டைக் காட்டி விளக்கினேன். இது காலை, பெண் வீடு. இது சர்ச். கை ஒரே மாதிரி நடுங்குகிறது, இது குடியின் ஆட்டம் இல்லை. டாக்டர் சொன்னதையும் சொன்னேன். ரீட்டா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், அவளுடைய சத்தியத்தை நான்தான் உடைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா உடனே விட்டுக்கொடுக்கவில்லை. "வாசன அடிச்சுச்சே. நா பக்கத்துல நின்னேன். பொய்யா?"

"குடிச்சாரு அண்ணி," என்றாள் ரீட்டா, தலையை நிமிர்த்தாமலே. "ராத்திரி. கை நிக்கறதுக்காக." பிறகு என்னிடம், "அதையும் போடுங்க அக்கா," என்றாள்.

எனக்குப் போட மனமில்லை. அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று காலையிலேயே பார்த்துவிட்டேன். ஆனாலும் போட்டேன்.

விருந்து மண்டபம். மேடையில் ஸ்டெல்லா, பச்சைப் பட்டு, கையில் மைக். மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துச் சிரிக்க முயன்று முடியாமல், கேமராவுக்கு நேராகத் திரும்புகிறார். "தாய்மாமன்காரன் தண்ணி போட்டுட்டு வந்து புடிச்சிருக்கான், எல்லாரும் பாத்துக்குங்க! வெக்கங்கெட்டவன். கீழ வைடா கேமராவ!" ஆல்பர்ட் கீழே வைக்கவில்லை. இடுப்புக்கு மேல் அக்காவைச் சரியாகச் சட்டத்துக்குள் வைத்து, கண்ணில் போகஸ் வைத்து, அவர் பேசி முடிக்கும்வரை பிடித்திருக்கிறார். படம் ஒரு நூல்கூட ஆடவில்லை. நான் சரிசெய்த கோப்பு இல்லை இது, கார்டில் இருந்தபடியே. கீழே ஓடிய கோட்டில் ரம்பம் இல்லை. "வெக்கங்கெட்டவன்" என்ற இடத்திலிருந்து மூச்சின் ஏற்ற இறக்கமும் நின்றுபோய்க் கோடு தட்டையாக ஓடியது. முக்கியமான காட்சி வந்தால் நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்வோம், கை அசையாமல் இருக்க. அவரும் அதைத்தான் செய்திருக்கிறார்.

"சத்தத்தக் கொறங்க," என்றார் ஸ்டெல்லா.

குறைத்தேன்.

"திருப்பிப் போடுங்க."

சத்தமில்லாமல் மூன்று தடவை பார்த்தார். மோனோரயில் வந்து போயிற்று. மூன்றாவது தடவை முடிந்ததும், "நல்லாத்தான் புடிச்சிருக்கான்," என்றார். எழுந்து சமையலறைக்குள் போனார். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை. நாங்கள் காத்திருந்தோம். ரீட்டா போய்ப் பார்க்க எழுந்தவள், கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். லென்ஸைத் துண்டில் சுற்றி மேசையில் வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே இறங்கிவிட்டோம்.

ரயிலில் நான் தூங்கவில்லை. ஈப்போ வந்து இறங்கியபோதும் மழை.

இனி, இதே மாதிரி அலைய நேர்கிறவர்களுக்கு. ஈப்போ, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் இரண்டு நாளில் முடியும், ஆனால் மழைக்காலத்தில் எதற்கும் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ரயில், கார், சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு நூற்றைம்பது வெள்ளிக்குள் ஆனது, தங்கியது ரீட்டா வீட்டில். கிள்ளானில் வெள்ளிக்கிழமை மாலை காரில் போகாதீர்கள். வீடியோ எடுக்கிறவர்கள் பழைய லென்ஸ் மாட்டினால் முதல் வேலையாக மில்லிமீட்டரை மெனுவில் மாற்றுங்கள், மறந்தால் கோப்பின் நகலில் பிறகு திருத்தலாம், மூலத்தைத் தொடாதீர்கள். போனில் அனுப்பியதை வைத்துக்கொண்டு கார்டை அழித்துவிடாதீர்கள். படம் மட்டும்தான் மிஞ்சும், பிடித்தவரின் கை போய்விடும். எடிட்டர்களுக்கு ஒன்று. துடைக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அசைவுக் கோட்டை ஒரு தடவை பாருங்கள். நான் எட்டு வருடத்தில் வேலை முடிந்த பிறகுதான் பார்த்திருக்கிறேன், அதுவும் அலை எவ்வளவு பெரிது என்று மட்டும். கோடு யாருடையது என்று பார்த்ததில்லை.

ஞாயிறு மாலை ரீட்டா செய்தி அனுப்பினாள். ஸ்டெல்லா திருப்பலிக்கு வந்தாராம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, முடிவதற்கு முன்பே எழுந்து போய்விட்டாராம். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ரீட்டாவும் ஊரில் யாருக்கும் சொல்லப் போவதில்லை என்கிறாள், ஒரு ஆளுக்குத் தெரிந்தது போதுமாம். கிள்ளானில் நீங்கள் கார் எடுத்தால் ஆல்பர்ட்டைப் பற்றி இன்னும் அதே கதையைத்தான் கேட்பீர்கள்.

அடுத்த வாரம் ஸ்டெல்லாவே எனக்குப் போன் செய்தார். மகள் தாலிக் காட்சி வேண்டாமாம், அதை மகளுக்கு அனுப்பிவிடச் சொன்னார். அந்த இரவுக் கோப்பு மட்டும் தனக்கு வேண்டுமாம். "என் சத்தம் இல்லாம அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு, ஆல்பர்ட்டின் கைக் கணக்கைக் கோப்புக்குள் அப்படியே விட்டு, ஒரு பெண்டிரைவில் போட்டு, பிரிக்பீல்ட்ஸ் பஸ்ஸில் பார்சலாக அனுப்பினேன்.